அவளுடைய அத்தை மகன் வருவதற்குள்

என் மனைவிக்கு ஓர் அத்தை மகன் இருக்கிறார். இதைச் சொன்னவுடனேயே பாதிப் பேருக்கு என் நிலைமை புரிந்திருக்கும். மீதிப் பேருக்காக விவரமாகச் சொல்கிறேன்.

பெண்ணாடத்துக்காரர். இது நடந்தபோது சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். இவளை முதலில் அவருக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. ஜாதகம் சேரவில்லை என்று நின்றுபோனதாம். நின்றதால்தானே எனக்குக் கிடைத்தாள் என்று சந்தோஷப்பட வேண்டியவன், ஒருவேளை சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே யோசித்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். முறைப்படி அவர் எனக்குத் தம்பி. அவளுக்கு மட்டும் 'மாமா'. என்னை 'என்னங்க' என்பாள், அவசரமென்றால் 'இந்தாங்க' என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நான் மாமா ஆகவில்லை.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வந்த சரக்கைச் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எதில் விரிசல் என்று சொல்லிவிடுவேன். ஊருக்குள் அதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. ஆனால் புருவத்தில் வெள்ளை மண்ணோடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவனுக்கும், சட்டை கசங்காமல் ஏசியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. நானே தினமும் சொல்லிக்கொள்வேன்.

அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் டைப் செய்து கொடுத்தாள். ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு திரையில் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கடைக்காரர் பார்த்துவிட்டு, "போர்டுலயே இருக்கிற டிஸ்ப்ளே போயிடுச்சுங்க. தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்குங்க. கூட டிரைவர் சிடி இருக்குது. போட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்குங்க, முடிஞ்சிது" என்றார். டிரைவர் என்றால் அந்தக் கார்டு என்ன சாதி, எப்படி வேலை வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற சாப்ட்வேர் என்பதையும் அவரே விளக்கினார். பூஜைக்கு முதல் நாள் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. "பூஜ லீவுக்கு மாமா வராங்களாம். நாளன்னிக்கு மறுநாள் மதியம் நம்ம வூட்டுக்குத்தான். அவங்க வந்து போட்டுக் குடுத்துடுவாங்க, நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்றாள்.

கஷ்டமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் வீட்டுக்குள் கால் வைக்கும்போது கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவர் பார்க்க அதில் ஒரு வேலையும் இருக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினேன். உடனே பிரிக்கப் போனேன். "புதுப் பொருளு, பூஜையில வச்சுட்டுத் தொடுங்க" என்று பிடுங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் யூனிட்டில் பூஜை முடித்து, பொரி கடலையோடு வீட்டுக்கு வந்தேன். மொபெட்டைக் கழுவி, சக்கரத்தில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்து வந்தபோது அவள் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மிக்ஸி, கிரைண்டர், டிவி, அரிவாள்மனை, கீபோர்டு, கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் பொட்டு. சாமி படத்துக்கு முன்னால் கார்டுப் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். கடைசியில் என்னிடம் வந்து, கிண்ணத்தை விரலால் வழித்து என் நெற்றியில் வைத்தாள்.

"ஏன், நானும் மிஷினா?" என்றேன்.

"மீந்துபோச்சுங்க. வீணாத்தானே போவுது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருக்கிற தாழ்ப்பாளுக்கு அப்புறம்தான் புருஷன். இதுவே அந்த அத்தை மகன் நின்றிருந்தால் முதல் பொட்டு யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே சுண்டலைச் சாப்பிட்டேன். அதில் உப்பும் கம்மி.

விஜயதசமி அன்று காலையில் குளித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் டப்பாவைக் கழற்றினால் உள்ளே முழுக்க வெள்ளைத் தூசி. என்னோடு யூனிட்டிலிருந்து வந்ததுதான். பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, கார்டை அதன் இடத்தில் அழுத்தி, மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கிக் கார்டில் மாட்டினேன். படம் வந்தது. வந்த படம்தான் சரியில்லை. ஐகான் எல்லாம் அதிரசம் அளவு. பதினாறே கலர். திரையில் இருந்த பச்சைப் புல்வெளி எங்கள் யூனிட்டின் மண் குவியல் மாதிரி தெரிந்தது. டைப் செய்கிற பக்கத்தைத் திறந்தால் நாலு வரிக்கு மேல் கண்ணில் படவில்லை.

பரவாயில்லை, டிரைவர் போட்டால் சரியாகும் என்று சிடியை உள்ளே தள்ளினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பச்சைக் கோடு பாதிக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் நின்றது. உள்ளே சிடி கர்ர் கர்ர் என்று தொண்டையைச் செருமியது. ஏதோ ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. ரத்து செய்தால், கார்டு பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி.

திரும்பப் போட்டேன். அதே இடத்தில் நின்றது. கார்டைக் கழற்றி, அதன் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். பழைய டிஸ்ப்ளேயின் டிரைவர்தான் சண்டை போடுகிறதோ என்று அதை எடுத்துவிட்டேன். சேஃப் மோடு என்ற ஒன்றில் போய்ப் பார்த்தேன். சிடியை வெளியே எடுத்து, எழுத்து அச்சடித்த பக்கத்தைப் பழைய வேட்டித் துணியால் பூப்போலத் துடைத்து, எழுத்து அழியாமல் பார்த்து உள்ளே வைத்தேன். கோடு அதே இடத்துக்கு வந்து நின்றது. சூளையில் இப்படி ஆனால் எந்த பர்னர் மக்கர் செய்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவேன். இதில் எதைச் சுண்டிப் பார்ப்பது?

அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்தாள். "மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"உங்க மாமாவக் கேட்டுக்கிட்டுத்தான் தெனம் பொழுது விடியுதா?" என்றேன்.

"இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று போய்விட்டாள். உள்ளே பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது.

மறுநாள் காலையில் இன்னொரு சிடி வாங்கிவிடலாம் என்று கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு செய்யலாம் என்று ஜங்ஷன் ரோட்டுக்குப் போனேன். அங்கேயும் வாழைக்கன்று. வாசலில் உடைத்த பூசணிக்காயின் துண்டு கிடந்தது. ஊரே பூஜை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. என் மானம் மட்டும்தான் முழித்துக்கொண்டு அலைந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், கோழிக் குழம்பு வாசம் தெருமுனைக்கே வந்தது. எனக்கு லீவு நாளில் ரசம், அப்பளம். பெண்ணாடத்து பஸ்ஸில் வருகிறவருக்குக் கோழி. வாசலில் புதுச் செருப்பு. வந்துவிட்டார்.

"வாங்கண்ணே" என்று என் வீட்டில் என்னை அவர் வரவேற்றார். நல்ல மனுஷன், அதுதான் பெரிய தொல்லை. திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். சாப்பிட்டோம். அவருக்கு அவள் இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்கு அப்புறம்.

கை கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். நான் செய்ததையெல்லாம் சொன்னேன், ஒன்றையும் விட்டு வைக்கவில்லை என்று தெரியட்டும் என்று. அவர் மவுஸைத் தொடவே இல்லை.

"கார்டு எப்ப வாங்குனீங்கண்ணே?"

"ஆயுத பூஜைக்கு மொத நாளு."

அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கி, சிடியை வெளியே எடுத்து, நான் ஒருதரம்கூடத் திருப்பிப் பார்க்காத பளபளப்புப் பக்கத்தைத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஓரமாக, வட்டமாக, மங்கலாகக் காய்ந்த சந்தனக் கறை. துடைத்தும் போகாத குங்குமச் சிவப்பு அதன் நடுவில்.

"என்னா புள்ள, இன்னும் ஒன் பழக்கம் போவலயா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எழுத்து மேல வச்சா மறைஞ்சிடுமேன்னுதான் மாமா, பின்னாடி கண்ணாடியாட்டம் இருந்துச்சு, அங்க வச்சேன். காலையில தொடச்சிட்டேனே!"

அவர் என் பக்கம் திரும்பினார். "சின்னப் புள்ளயில இதே கததாண்ணே. பூஜைக்கு எங்க வூட்டுக்கு வந்தா, என் புஸ்தகத்துக்கெல்லாம் இதுதான் பொட்டு வைக்கும். பேரு மறையக் கூடாதுன்னு பின் அட்டையிலதான் வைக்கும். பள்ளிக்கூடத்துல எல்லாம் சிரிப்பானுங்க."

அந்தப் பக்கத்தில்தான் தகவல் இருக்கிறது, லேசர் அதைத்தான் படிக்கிறது என்று விளக்கினார். ஒரு சொட்டு ஷாம்பு போட்டு சிடியைக் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே காய வைத்தார். பச்சைக் கோடு நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. திரை ஒருதரம் கறுத்து, திரும்ப வந்தது. புல்வெளி பச்சையாக இருந்தது. அவள் குழந்தை மாதிரி கையைத் தட்டினாள்.

கம்ப்யூட்டர் படித்ததால் கண்டுபிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படிப்பு யாருக்கும் வரும். அந்த மனுஷன் சிடியைத் திருப்புவதற்கு முன்னாலேயே சிரித்தார். கம்ப்யூட்டரை அல்ல, அவளை வைத்துக் கண்டுபிடித்தார். அரைப்பாவாடையில் சந்தனக் கிண்ணத்தோடு ஓடிய ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை. எந்தக் கடையில் கார்டு வாங்கினாலும் அது எனக்குக் கிடைக்காது.

சாயங்காலம் சென்னை ரயிலுக்கு அவரை என் மொபெட்டில் ஜங்ஷனுக்குக் கூட்டிப் போனேன். அவளே அனுப்பினாள். பிளாட்பாரத்தில் டீ குடித்தோம். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் அடங்கவில்லை.

"தம்பி, சின்ன வயசுல அவ வேற எதுக்கெல்லாம் பொட்டு வச்சா?"

அவருக்கு முகம் மலர்ந்தது. "எங்கப்பா சைக்கிளு, ஆட்டுக்கல்லு, எங்க வூட்டு எருமை, தண்ணி மோட்டாரு... எதையும் விடாதுண்ணே." டீ கிளாஸை ஒருதரம் சுற்றினார். "நானும் ஒவ்வொரு வருஷமும் கடைசியாப் போயி நெத்தியக் காட்டிக்கிட்டு நிப்பேன். கிண்ணத்தக் கவுத்துக் காட்டிடும். எனக்கு ஒருவாட்டிகூட மீந்ததில்லண்ணே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு விரிசல் கேட்டது. சரக்கு விஷயத்தில் என் காது தப்பாது. ரயில் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வரேண்ணே, அதப் பாத்துக்குங்க" என்று ஏறினார். கம்ப்யூட்டரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அவள் முழுப் பக்கமும் தெரிய டைப் செய்துகொண்டிருந்தாள். "மாமா ஏறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஏறிவிட்டார் என்றேன்.

அன்றோடு பொறாமை போய்விட்டது என்றால் அது பொய். இன்றும் அவர் 'புள்ள' என்று கூப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தாழ்ப்பாளுக்கும் வைத்து முடித்து வருகிறவரைக்கும், புருவத்து மண்ணைக் கழுவிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடைசி ஆளாகக் காத்திருக்கிறேன்.