காவலாளியைத் தூங்க வைத்தவர்

டிவி மெக்கானிக்கை நண்பர்கள் "மூளை" என்று கூப்பிட ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படிக் கூப்பிட்டால் அவர் சட்டென்று திரும்பமாட்டார். தலைக்கனம் என்று நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல.

அந்தப் பெயர் ஒட்டியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு மூலையில் அண்ணியின் தையல் மிஷின், எதிர் மூலையில் அவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். டிவியில் செருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு ஆட்டம் ஏறும். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். நீ இந்த இடத்தில் நிற்கிறாய் என்று திரை ஆங்கிலத்தில் சொல்லும். கதவைத் திற, விளக்கை எடு என்று நாம் இரண்டிரண்டு வார்த்தையாகத் தட்ட வேண்டும்.

அவனும் நண்பர்களான லைன்மேனும் மருந்துக்கடைக்காரரும் ஒரே ஆட்டத்தில் ஒரே இடத்தில் மூன்று மாதமாகச் சிக்கிக் கிடந்தார்கள். ஒரு மாவு மில். பெரிய சக்கரம் கடகடவென்று சுற்றுகிறது. பக்கத்தில் காவலாளி தூங்குகிறான். சக்கரத்தை நிறுத்தினால்தான் அதன் பின்னாலுள்ள கதவுக்குப் போகலாம். நிறுத்தினாலோ காவலாளி விழித்துக்கொண்டு கழுத்தைப் பிடிப்பான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைக் கேசட்டிலிருந்து ஏற்றினான். அவன் விட்டது முந்நூற்று நாற்பதாவது நகர்வில். திரை முந்நூற்று ஐம்பத்திரண்டு என்றது; யாரோ மேலே ஆடிச் சேமித்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தது. பின்னால் போ என்று தட்டி மில்லுக்குள் எட்டிப் பார்த்தான். சக்கரம் நின்றிருந்தது, காவலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எதற்கும் உதவாது என்று மூவரும் ஒதுக்கிய பாட்டுப் பெட்டி அவன் தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்தது.

கீபோர்டில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு துண்டு நீல நூல் சிக்கியிருந்தது. அண்ணி அந்த வாரம் தைத்துக்கொண்டிருந்தது நீலச் சீருடைகள்.

போன மாதம்தான் அவரிடம் சொல்லியிருந்தான்: "எண்ணெய்க் கையோட இதைத் தொடாதீங்க அண்ணி. இது ஒண்ணும் உங்க தையல் மிஷின் இல்ல."

நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சோறு போடும்போது அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பி, அந்த ஆளு தூங்கறானா?"

"எந்த ஆளு?" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

அண்ணியின் சிரிப்பு அப்படியே அடங்கியது. "ஒண்ணுமில்ல. குழம்பு ஊத்திக்கோ."

மாலையில் மருந்துக்கடைக்குப் போய், பாட்டுப் பெட்டியைப் பாட வைத்துத் தாண்டிவிட்டதாகச் சொன்னான். லைன்மேன் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "மூளைடா உனக்கு! எப்படித் தோணுச்சு?"

"தானா தோணுச்சுண்ணே." பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அடுத்த ஞாயிறு, மீதி ஆட்டத்தைப் பார்க்க இருவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவனோ ஆட்டத்தில் கதவுக்கு அப்பாலிருந்த அறையிலேயே மாட்டிக்கொண்டு முழித்தான். எதிர் மூலையில் அண்ணி தைத்துக்கொண்டிருந்தார், காலடியில் அவருடைய கைக்குழந்தை தூங்கியது. துணி முடிந்தது. அண்ணி மிஷினை உடனே நிறுத்தவில்லை. கையை நீட்டி ரேடியோவைப் போட்டார், பிறகுதான் மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் சத்தம் நின்றும் குழந்தை அசையவில்லை.

லைன்மேன் திரும்பிப் பார்த்தார். "அடேய், இது அந்த மில் கணக்கால்ல இருக்கு! இதைப் பாத்துத்தான் சுட்டியா, மூளை?"

அவனுக்குக் காது சூடாகியது. இதற்குமேல் மூடி வைக்க முடியவில்லை. "பாத்துச் சுடல. தாண்டினதே நான் இல்ல. அண்ணிதான்."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "தன்னடக்கத்தைப் பாருய்யா! என்னம்மா, நீங்களா தாண்டினீங்க?"

அண்ணி அவனை ஒரு முறை பார்த்தார். "நானா? எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தம்பிக்கு எப்பவும் விளையாட்டு." சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். நண்பர்கள் முன்னால் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

அவர்கள் போன பிறகு நாற்காலியைத் துடைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டான். "அண்ணி, வந்து உக்காருங்க. அடுத்த எடத்துல மாட்டிக்கிட்டேன். நீங்கதான் பாக்கணும்."

அண்ணி திரையைப் பார்த்தார். உதடு அசைய ஒரு வரி படிக்கவும் செய்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"கையெல்லாம் எண்ணெய், தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். மிஷின் ஓட ஆரம்பித்தது. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். ஆட்டத்தில் அந்த அறையை அவன் கடைசிவரை தாண்டவில்லை.