பால் ஆமைக்கு ஒரு கையெழுத்து

யார் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாலும் நிர்மலாதேவி முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார். யாரும் உள்ளே வரச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வெறுங்காலோடு வெயிலில் நிற்கும் பெண்ணை வாசலிலேயே பேசி அனுப்பப் புதுச்சேரியில் யாருக்கும் மனம் வருவதில்லை. "உள்ள வாங்க" என்று ஒரு குரல் வரும். உள்ளே போனதும் வீட்டுக்காரர் எந்தக் கைப் பழக்கம் உள்ளவர் என்று கவனித்து, அந்தப் பக்கமாக உட்காருவார். "பேனாவ நீட்டினா கையில போய் நிக்கணும் சார். அவங்க தேடக் கூடாது. தேடுற நேரத்துல மனசு மாறிடும்" என்றார் என்னிடம்.

ஐம்பத்து நான்கு வயது, ரெட்டியார்பாளையத்தில் வீடு. முப்பது வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவர். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் நீல ஃபைல் காப்பீட்டுக்கு, பச்சை ஃபைல் ஆமைகளுக்கு. நீல ஃபைலை எடுக்கும்போது குரல் தணிந்து குழைந்திருக்கும். பச்சை ஃபைலை எடுத்தால் இரண்டு மடங்கு வேகத்தில் பேசுவார். கண்ணாடி மூக்கில் இறங்கிவிடும். எதிரில் இருப்பவரின் காபி ஆறிவிடும்.

பால் ஆமை நம் ஊர்க் குளத்திலும் குட்டையிலும் திறந்த கிணற்றிலும் வாழ்வது. உணவுத் தட்டு அளவு, பச்சை கலந்த பழுப்பு முதுகு. பின்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் மூடிக்கொள்ள, அடிப்பக்கத்தில் இரண்டு மடல்கள் உண்டு. கறிக்காகப் பிடித்தவர்கள் பாதியைத் தீர்த்தார்கள். மீதிக்கு இருக்க இடம் இல்லை. குட்டைகள் மனைகளாகிவிட்டன, கிணறுகளைக் குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். மிஞ்சியவை பெரும்பாலும் தனியார் நிலங்களில்தான் இருக்கின்றன. அதனால் நிலத்துக்காரர்களிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒப்பந்தம் ஒன்று தயாரித்தார்கள். ஐந்து வருடத்துக்குக் குட்டையை மூடுவதில்லை, கோடையில் கடைசிச் சொட்டு வரை இறைப்பதில்லை, முட்டையிடும் கரையைக் கிளறுவதில்லை என்று நிலத்துக்காரர் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் குழு தூர் வாரிக் கொடுக்கும், கரைக்கு வேலி போடும். ஆமை பெருகிவிட்டது என்று சொல்லி அவருடைய வழக்கமான விவசாயத்துக்குப் புதிதாக எந்தத் தடையும் வராது என்று வனத்துறை அதிகாரி ஒருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஒப்பந்தத்தோடு முதலில் அலைந்தவர் வெற்றிவேல், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர், நிர்மலாதேவியின் பாலிசிதாரர். ஆறு மாதத்தில் ஒரு கையெழுத்துகூடக் கிடைக்கவில்லை. ஒருநாள் அவர் ஒரு விவசாயியிடம் உணவுச் சங்கிலியை விளக்கிக்கொண்டிருந்ததையும், அந்த விவசாயி மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டதையும் தற்செயலாகப் பார்த்தார் நிர்மலாதேவி. "குடுங்க சார் அந்த ஃபைல" என்று பிடுங்கிக்கொண்டார். "சாவப் பத்திப் பேசியே முப்பது வருஷமா கையெழுத்து வாங்கியிருக்கேன். உசுரோட இருக்கிறதப் பத்திப் பேசி வாங்க முடியாதா?"

இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு கையெழுத்துகள். புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருக்கும் ஜிசேல் அம்மாள், ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை, தன் தென்னந்தோப்புக் கிணற்றுக்காகக் கையெழுத்திட்டபோது ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, பெயருக்கு மேலே "லு எ அப்ரூவே" என்று பிரெஞ்சில் தன் கையால் எழுதினார். படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். "அது எழுதலன்னா ஒப்பந்தம், கொந்த்ரா, ஆவாது மா, வெறும் காயிதம்" என்றாராம். அன்றிலிருந்து நிர்மலாதேவி எல்லோரையும் தமிழில் அப்படி ஒரு வரி எழுத வைக்கிறார்.

இருபத்து மூன்றாவதுதான் நகரவில்லை. விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே போனால், புது மனைகளுக்கு நடுவே ஹரிகிருஷ்ணனின் ஒன்றரை ஏக்கரும் ஒரு குட்டையும். விவசாயக் குடும்பம்; பகலில் டவுனில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் வேலை. அவருடைய குட்டையில் பதினெட்டு ஆமைகள் இருக்கலாம் என்று வெற்றிவேல் கணக்கிட்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் அத்தனை வேறெங்கும் இல்லை. ஏழு முறை போய்விட்டார் நிர்மலாதேவி. ஏழு முறையும் காபி கிடைத்தது.

போன மே மாதம் ஒருநாள் காலை, நிர்மலாதேவியைப் பற்றி எழுத அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. ஹரிகிருஷ்ணனின் நிலத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்.

"யக்கா, குட்டைய மூடுறாங்க. டிப்பர் வந்துடுச்சு."

"ஏறுங்க சார்!" என்றார் என்னிடம். அப்புறம் நான் பார்த்ததெல்லாம் அவருடைய ஹெல்மெட்டின் பின்புறம்தான். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே, ஹாரனில் வைத்த கட்டை விரலை எடுக்காமல் ஓட்டினார்.

இடித்த கட்டட மண் ஒரு லோடு ஏற்கனவே கரையில் சரிந்து கிடந்தது. இரண்டாவது டிப்பர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நிர்மலாதேவி ஸ்கூட்டரை அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். டிரைவர் அம்மாவாசை தலையை வெளியே நீட்டினார். நிர்மலாதேவி மிக மெதுவாக ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. அம்மாவாசை இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னாக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி. இன்ஜின் நிக்கட்டும்னுதான்."

டீக்கடையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை.

"யக்கா, இது எங்கப்பா வச்சிட்டுப் போன நெலம். ஆமை இருக்குதுன்னு நாளைக்கு ஒரு ஃபாரஸ்ட் ஜீப்பு வந்து நின்னு, வெளிய போடான்னா எங்க போவேன்? ஏற்கனவே ஆமை வீட்டுக்கு ஆவாதுன்னு என் பொண்டாட்டி வேற. இதுல மாட்டினா மாட்டினதுதான். ஆள வுடுங்க."

நிர்மலாதேவி பேச ஆரம்பித்தார். தூர் வாருவது, வேலி, அதிகாரியின் கையெழுத்து, பக்கத்துக் கிணற்றுக்காரர் சம்மதித்தது. ஹரிகிருஷ்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார், இல்லை இல்லை என்று. கால் மணி நேரத்தில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. நிர்மலாதேவி மூக்கில் இறங்கிய கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். வரப்பில் உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு இருக்கு தம்பி. இதயும் கேட்டுடுங்க" என்று, விருப்பமே இல்லாதவர் போலப் படித்தார். "ஒன்பதாவது. நிலத்துக்காரருக்கு எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும், ஒரு மாதத்துக்கு முன்பு எழுதிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றார் ஹரிகிருஷ்ணன்.

படித்தார்.

"எட்டு வாட்டி வந்தீங்க. இத ஏன் சொல்லவே இல்ல?"

"பாலிசிய எப்படி வுடறதுன்னு சொல்லி எந்த ஏஜென்டாவது ஆரம்பிப்பாளா? சொன்னா போயிடுவீங்கன்னு பயம்."

"அட போக்கா. வெளிய வர வழி இருக்குன்னு தெரியாம யாரு உள்ள வருவா? அதான எனக்குப் பயமே!"

காகிதத்தை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனார். இரண்டு பக்கத்தையும் உதடு அசையப் படித்தார். நடுவில் ஒருமுறை போனில் மனைவியைக் கூப்பிட்டு ஒன்பதாவது பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினார். நிர்மலாதேவி புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூடவே போய் நிற்கவில்லை, பேனாவை நீட்டவும் இல்லை. ஹரிகிருஷ்ணனே வந்து கேட்டு வாங்கினார். "படிச்சேன். சம்மதம். நிலம் என்னுது" என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார்.

"இருபத்து மூணு!" என்று நிர்மலாதேவி கத்திய கத்தலில், அக்கரையில் நின்ற கொக்குகள் எழும்பிவிட்டன. டீக்கடைக்காரர் கை தட்டினார். அம்மாவாசை மட்டும், "அப்ப இந்த மண்ண நான் எங்க கொட்டுறது?" என்று கேட்டார். பிறகு வண்டியில் ஏறப் போனவர் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"யக்கா, எல்லாரும் அப்படியே நில்லுங்க. இங்க ஒண்ணு இருக்குது."

பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, சரிந்த மண்ணிலிருந்து தப்பி வந்த ஆமை ஒன்று தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லைப் போல இருந்தது.

நிர்மலாதேவி அருகில் போனார். திரும்பி என்னைப் பார்த்து, "நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல சார்" என்றார். இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டார். குனிந்து, ஓட்டின் இருபுறமும் பிடித்து மெல்லத் தூக்கினார். அது உடனே புடவை முழுக்க நீரைப் பீய்ச்சியது. "அய்யய்யோ" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிடியை மட்டும் விடவில்லை. மடல் விலகி ஒரு பின்கால் வெளியே வந்து, காற்றில் துழாவியது.

தண்ணீர் நாலு எட்டில் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. ஆமையை ஏந்திக்கொண்டு ஹரிகிருஷ்ணனிடம் வந்து, அவர் இரண்டு கைகளையும் விரிக்கும்வரை, நீட்டியபடியே நின்றார்.