கடைசிச் சன்னல் பொருந்தவில்லை

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இளைப்பாறினார் என்று எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உயிரோடு இருந்த நாளில் அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அண்ணன் கல்லூரி மாணவர். டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தார். பின்பு அமெரிக்காவில் இந்தச் சன்னிவேலுக்கு வந்து, மென்பொருளில் பிறர் விட்ட பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். என்னையும் இங்கே வரவழைத்தார். வேலை போனபோது நான்கு நாள் வீட்டில் இருந்தார். அதற்குள் அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், பழைய ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பட்டறையில் தொண்டராகச் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் காரில் போவார். அங்கே மரத்தாலான ஒரு ரயில் பெட்டியின் சன்னல் சட்டங்களை அவரிடம் கொடுத்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் அந்தக் காலத்துத் தச்சர்கள் அதனதன் இடத்துக்கென்று இழைத்திருந்தார்கள். எது எங்கே என்று சட்டத்திலேயே எண்ணும் போட்டிருந்தார்கள். அண்ணன் அவசரக்காரர். முப்பத்திரண்டு சட்டங்களையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். எண்களும் போய்விட்டன.

அன்றைக்கே பொறுப்பாளரிடம் போய்த் தன் தவறைச் சொன்னார். ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்றார் அவர். பாதிச் சன்னல்கள் சேர்ந்தபோது அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது.

நான் தடுத்தேன். அந்த வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று கத்தினேன்.

“ஏட்டி, நான் பண்ண மிஸ்டேக்க அடுத்தவன் தலையில கட்டிட்டுப் போகச் சொல்லுதியா?” என்றார்.

அதன்பின் நானே அவரைக் காரில் அழைத்துப் போனேன். அவர் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்ல, நான் சட்டங்களைத் தூக்கி வைத்துப் பார்த்தேன்.

அவர் கடைசியாக வந்த சனிக்கிழமையன்று நான்கு சன்னல்கள் மீதியிருந்தன. அண்ணனுக்கு உடம்பு நடுங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஒன்றாவது முடியட்டும் என்றார். கையில் இருந்த சட்டம் மேல் மூலையில் இடித்து நின்றது. கொட்டாப்புளியால் நான்கு போடு போட்டு உள்ளே தள்ளினேன்.

“சரியா உக்காந்துட்டா?”

“உக்காந்துட்டு அண்ணே. வாங்க, போவோம்.”

பிறர் பிழையைப் பிடித்தே பிழைத்த மனிதர், என்னை நம்பினார். அடுத்த மாதம் போய்விட்டார்.

அதன்பின் நான் தனியாகப் போய் இரண்டு சன்னல்களைச் சேர்த்தேன். இப்போது ஒரு சட்டமும் ஓர் இடமும்தான் மீதி. அது இதில் பொருந்தவில்லை. தொண்டர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். காரணம் எனக்கு மட்டும் தெரியும். பல வாரம் வாய் திறக்கவில்லை. சென்ற சனிக்கிழமைதான் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, கழற்றும் கருவியை என் கையில் கொடுத்தார். இறுக்கி அடித்திருந்தேன், அன்று அந்தச் சட்டம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்த சபையாருக்கும், அவருக்கென்று பட்டறையில் நாற்காலி போட்டுவைத்த தொண்டர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு ஆராதனையும் சனிக்கிழமையில் வருகிறது. உங்களையெல்லாம் இருந்து உபசரிக்க வேண்டியவள் நான். ஜெபம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன்; அண்ணனிடம் பொய் சொல்லி அடித்த சட்டத்தைக் கழற்ற வேண்டும். அண்ணி பரிமாறுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.