உள்ளறைச் சுவரைப் பிரித்தவள்

என் தங்கையை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. பழைய துணிகளை அளவு மாற்றித் தைப்பது அவள் தொழில். புதுத் துணியை யாரும் வெட்டிவிடலாம். இன்னொருவர் போட்ட தையலைத் துணி நோகாமல் பிரிப்பதற்குத் தனிக் கை வேண்டும். அந்தக் கை அவளுக்கு உண்டு.

அவள் வாடகைக்கு இருந்த இரண்டாம் மாடி வீட்டின் உள்ளறைச் சுவரில் ஒரு கறை. குடிவந்தபோது இல்லை, புதுப் பெயிண்ட் பளபளத்தது. சில மாதங்களில் மங்கலாகத் தெரிந்தது. வருடம் திரும்புவதற்குள் தலை, தோள், முதுகு என்று யாரோ தரையில் உட்கார்ந்து சாய்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. கை வைத்தால் ஈரம் இல்லை, பிசுபிசுப்புதான்.

வீட்டுக்காரர் ஒருமுறை கொத்தனாரோடு வந்தார். கொத்தனார் சுவர் மூலையிலிருந்து கொத்திக்கொண்டே வந்தார். கறைக்கு ஒரு சாண் தூரத்தில் உளி வந்ததும், அறை வாசலில் நின்ற வீட்டுக்காரர், “போதும் போதும், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. அரை மூட்டை சிமெண்ட் அங்கேயே கல்லாய்ப் போனது.

பிறகு தங்கைக்குத் தெருவைப் பார்த்த கடை ஒன்று கிடைத்தது. பின்னாலேயே குடியிருக்க அறையும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கடை வேறொருவருக்குப் போய்விடும். இந்த வீட்டு அட்வான்ஸைத்தான் நம்பியிருந்தாள். போனில் கேட்டாள்.

“உன் இஸ்திரிப் பெட்டி ஆவியிலதாம்மா அந்தக் கறை” என்றார் வீட்டுக்காரர். “சுவர் பூரா பூசணும். அட்வான்ஸ் அதுக்கே சரியாப் போயிடும்.”

“நான் இஸ்திரி போடறது முன் ரூம்ல சார்.”

“உனக்கு முன்னாடி இருந்தவங்களும் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னாங்க.”

“ஓ, அவங்களும் டெய்லரா சார்?”

போன் வைக்கப்பட்டுவிட்டது. தங்கை மெல்லிய பிளேடை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“கிழிச்சு வைக்காதடி, அதுக்கும் சேத்துக் கழிப்பான் அந்த மனுஷன்” என்றேன், பக்கத்தில் இருந்த நான்.

“கிழிக்கலக்கா. பிரிக்கிறேன்.”

கறையின் தலைப்பக்கத்தில் கைக்குட்டை அளவு இடம். மேலே சந்தன நிறம், அதை உரித்தால் பச்சை, அதன் அடியில் நீலம். படிப்படியாக ஓரம் விட்டு உரித்தாள். ஒவ்வொரு நிறத்திலும் அதே கறை, போகப்போகக் கறுப்பாக. கடைசியில் வெறும் சுண்ணாம்பு. அதிலிருந்து தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாடை வந்தது. நீளமாக ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். அவள் அந்த முடியை ஊதிக்கூடத் தள்ளாமல் அப்படியே விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. சாமான்களை என் வீட்டுக்கு ஏற்றி அனுப்பியிருந்தோம். வீட்டைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் அன்றும் உள்ளறை வாசலைத் தாண்டவில்லை.

“ஒவ்வொரு பெயிண்டுக்கு அடியிலயும் இவங்கதான் இருக்காங்க சார்” என்றாள் தங்கை, கறையைக் காட்டி. “குடியிருந்தவங்க எல்லார்கிட்டயும் இதுக்குக் கழிச்சிருக்கீங்க. நான் வர்றதுக்கு முந்தின கறைக்கு என் அட்வான்ஸ்ல கை வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. எங்க கேக்கணுமோ அங்க போய்க் கேப்பேன்.”

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சுவரையே பார்த்தார். குரல் சின்னப் பையனுடையதுபோல் வந்தது.

“கொண்டை போட்டா குத்துதுன்னு அம்மா முடிய அவிழ்த்து விட்டுட்டுத்தான் சாஞ்சுப்பாங்க. கடைசி வரைக்கும் அந்த இடந்தான்.”

தங்கை சுவரை விட்டு ஒதுங்கி நின்றாள்.

“கொத்தனாரை நாந்தாம்மா நிறுத்தினேன். உளி பட்டா வலிக்குமில்ல.”

முழுப் பணத்தையும் வாசலில் நின்றபடியே கொடுத்தார். தங்கை எண்ணிப் பார்த்து, சாவியை அவர் கையில் வைத்தாள். படியில் பாதி இறங்கியபோது மேலே பேச்சுக் குரல் கேட்டது. அவர் குரல்தான். ஏதோ கேட்பார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு “சரி, சரி” என்பார்.

“யார்கிட்டடி பேசறாரு?”

“நம்மகிட்ட இல்ல. நட.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே முன்பணம் கட்டிவிட்டாள். கடை நன்றாக ஓடுகிறது. அவள் சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைச் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளியே போட்டிருக்கிறாள்.