மாப்பிள்ளையும் என் பழைய கம்ப்யூட்டரும்

மகளின் கல்யாணத்துக்கு டேவான் மண்டப வாசலில் வைக்கும் பெரிய பேனருக்கு நானே படம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். படமும் நான் எடுத்ததுதான். உம்பாய் கடற்கரையில், மாலை வெயிலில், அவளும் மாப்பிள்ளையும் நிற்கும் படம். ஆனால் அதைத் திறந்தாலே என் பழைய கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும்.

நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாளில் படம் எடுப்பேன், அதற்கு வெளிச்சமும் நிறமும் சரிசெய்வேன். பேச்சு மட்டும் எனக்கு வராது. மாப்பிள்ளை வந்தால், "வாங்க," "சாப்பிட்டீங்களா" என்ற இரண்டோடு முடிந்துவிடும். பிறகு, சுத்தமாக இருக்கும் காரையே கழுவப் போய்விடுவேன்.

"அப்பாவுக்கு அவரப் புடிக்கலையாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கும் போய்க் காரைத்தான் கழுவினேன்.

ரேமும் எஸ்எஸ்டி டிஸ்கும் மாற்றினால் போதும் என்றார்கள் கடையில். வாங்கி வந்தேன். அவற்றை மாட்டித்தரச் சொல்லி கம்ப்யூட்டர் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போவதற்குள் மகள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

என் மனைவிக்கு முகமே மாறிவிட்டது. "மாப்பிள்ளையத் தரையில உக்கார வச்சா வேலை வாங்குவீங்க? சம்பந்தி வீட்ல கேட்டா என்ன நினைப்பாங்க?"

"பரவால்ல அத்தை, வீட்ல சும்மாதான் இருந்தேன்."

பெட்டியைத் திறந்தால் கட்டி கட்டியாகத் தூசி. நடுவில் ஒரு காய்ந்த பல்லி.

"மாமா, இவரு வாடகை கட்டுனாரா?"

சிரிப்பு வந்தது. எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தேன்.

ரேமை மாட்டி சுவிட்சைப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி மட்டும் 'பீப், பீப்' என்று கத்தியது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"கெடுத்துட்டேனா மாமா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. "இல்ல மாப்பிள்ளை. சரியா உக்காரல போல. கழட்டிட்டு மறுபடியும் அழுத்துங்க, நான் டார்ச் புடிக்கிறேன்."

அவர் பயந்து பயந்து அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பழையதில் இருந்ததையெல்லாம் புது டிஸ்குக்கு மாற்றி முடிக்க மதியமாகிவிட்டது.

பிறகு படத்தைத் திறந்தேன். உடனே திறந்தது. பெரிதாக்கினேன், நிற்கவில்லை. மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மாமா, நெத்திக்கு மேல கொஞ்சம் முடி போட முடியுமா?"

சமையலறையிலிருந்து மகள் கத்தினாள்: "போடாதீங்கப்பா! அந்த மண்டையப் பாத்துதான் நான் ஓகே சொன்னேன் லா!"

"போடலாம் மாப்பிள்ளை," என்றேன். "ஆனா கல்யாணத்தன்னைக்கு, பேனர்ல இருந்த மாப்பிள்ளை எங்கன்னு டேவான்ல ஆளுங்க தேடுவாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மாலை வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் ஏன் விழுகிறது, கடலுக்கு மேலே வானம் ஏன் வெளுத்துப் போகிறது, அதை எப்படி மீட்பது என்று காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா? புதுக் குரலா கேக்குதே?"

"மாமாதான் அத்தை," என்றார் மாப்பிள்ளை.