பஞ்சநாதன் சுத்தம் செய்த படம்

பஞ்சநாதன் என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் தம்பி சாமிக்கண்ணு வாயால். அவன் மகள் ஜோதிலட்சுமிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். கிள்ளையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, தேவனாம்பட்டினத்துல ஒரு பையன் இருக்கான். சொந்தமா கட்டுமரம். பேரு பஞ்சநாதன்" என்றான்.

"என்னாடா இது, மீன் புடிக்கறவனுக்குக் கோயில் சாமியாரு பேரு?" என்று கேட்டேன்.

"பேர வெச்சிகிட்டா குழம்பு வெக்கப் போறோம்? பையன் குடிக்க மாட்டான். அது போதாதா?"

உண்மைதான். அவன் குடித்து நான் பார்த்ததில்லை. அதிகம் பேசியும் பார்த்ததில்லை. கல்யாணமாகி நாலாம் வருசம் மோனிகா பிறந்தாள். ஒரே பிள்ளை. விடியும் முன்பே கடலுக்குப் போய்விடுவான். கரைக்கு வந்து, மீன் விற்று, வலை பிரித்து வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஜோதி அதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாதித் தூக்கத்தில் வைத்திருப்பாள். அவன் தூக்கி மடியில் போட்டுக்கொள்வான். ஆறு வருசம் அவன் அந்தப் பிள்ளையைப் பார்த்தது பெரும்பாலும் அப்படித்தான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலைச் சோற்றைத் தூக்குச்சட்டியில் மோனிகாதான் எடுத்துப் போனாள். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. பஞ்சநாதனை ஒரு படகு வந்து வலது தோளில் அடித்தது. ஜோதி வீட்டுச் சுவர் இடிந்து காலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையைக் கண்டெடுத்தவர்கள் வேறு யாரோ. மற்றவர்களோடு சேர்த்துக் குழியில் வைத்தவர்களும் வேறு யாரோ. தாய் தகப்பன் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

வீடு இருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாமிக்கண்ணு மட்டும் தேடித் தேடி, சவுக்குத் தோப்பில் சேற்றுக்குள் ஒரு படத்தைக் கண்டெடுத்தான். மாசி மகத் திருவிழாவில், திரை கட்டிப் போட்டோ பிடித்த ஒரு வெளியூர்க்காரன் எடுத்த படம். மோனிகா பச்சைப் பாவாடையில், கையில் வளையலோடு விறைத்துக்கொண்டு நிற்பாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கடல் தண்ணீர் புகுந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. முகமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி. ஆனாலும் பிள்ளை தெரிந்தாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

தோள் போன பிறகு பஞ்சநாதனால் வலை இழுக்க முடியவில்லை. கடலுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது. இவனும் போய்ச் சேர்ந்தான். தகரமும் தார் அட்டையும் வைத்துக் கட்டிய கொட்டகையில் குடியிருந்துகொண்டு தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனான்.

கொட்டகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "என்னா மாப்ள, சட்டைக்கு இஸ்திரியெல்லாம் பலமா இருக்கு! கலெக்டரு உன்கிட்டதான் கையெழுத்து கேக்கறாராமே!" என்பார்கள். "ஆமா மச்சான், உனக்கும் ஒரு வேல போட்டுத் தரேன், ஆனா நீ குளிச்சிட்டு வரணும்" என்பான் இவன். அந்த நாளில் அவன் சிரித்ததென்றால் அதற்குத்தான்.

அங்கே பாடம் சொன்னவன் யாசர். பரங்கிப்பேட்டைப் பையன். அப்பா துபாயில். சிதம்பரத்தில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கடையும் வைத்திருந்தான். புரட்டாசியில் பஞ்சநாதன் மோனிகா படத்தைத் துண்டில் சுற்றி அவன் கடைக்கு எடுத்துப் போனான். யாசர் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்க வேண்டாம் என்று சொல்லி, சட்டத்தோடு வைத்தே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

"விடுங்கண்ணே, நானே சரி பண்ணித் தரேன். ஒரு வாரம் குடுங்க" என்றானாம்.

பஞ்சநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. "பொதைச்சதுதான் யார் யாரோ கையால. இதையாச்சும் நான் செய்யறேன் தம்பி. எனக்குச் சொல்லிக் குடு."

யாசர் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டான்.

அந்த வருசம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைக் கடலூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கொட்டகைக்குள் இடுப்புத் தண்ணீர். பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த படம், எடுத்துப் பார்த்தால் சாயம் கரைந்து வெறும் பச்சைக் கறையாக இருந்தது. நான் ஜோதி என்ன செய்வாளோ என்று பயந்து ஓடினேன். அவள் அழவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சில்ல அத்த? அங்க இருக்கா அவ" என்றாள்.

வருசத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னி என்போம். திதியன்று புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பவுடர், சீப்பு எல்லாம் வைத்துப் படைப்போம். அந்தக் கன்னி வந்து, தனக்கு வைத்ததை ஏற்றுக்கொண்டு, வீட்டோடு துணையாக இருப்பாள் என்பது நம்பிக்கை. ஜோதிக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான். பாவாடைத் துணியை அப்போதே எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். பாவாடைக்குப் பின்னால் வைக்கப் படம் வேண்டும்.

யாசர் கடையில் படத்தைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. இதை யாசரே பிற்பாடு என்னிடம் உட்கார்ந்து சொன்னான். ஒன்று பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் போட்டோஷாப். இன்னொன்று ஏதோ பத்திரிகையோடு சும்மா கொடுத்த சிடியில் வந்தது. அதன் பேர் என் வாயில் நுழையவில்லை.

"அண்ணே, போட்டோஷாப்புல படத்துக்கு மேல கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி வேல செய்யலாம். தப்பா போச்சின்னா மேல் தாள மட்டும் தூக்கிப் போட்டுடலாம். அடிப்படத்துக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ஒவ்வொரு புள்ளியா கையால எடுக்கணும்."

"கைக்கு வர எத்தினி நாள் ஆவும்?"

"நல்லா வரணும்னா ஆறு மாசம் ஆவும்ணே."

"இன்னொண்ணு?"

"அது ஈஸி. பட்டன அமுக்குனா மூஞ்சில இருக்கற புள்ளியெல்லாம் தானா போயிடும். இன்னொரு பட்டன் இருக்குது, ஆளச் செவப்பா ஆக்கிடும். ஆனா அது என்னாத்த எடுக்குது, என்னாத்த வுடுதுன்னு நம்ம கையில இல்ல. எனக்கு அது புடிக்காது."

பஞ்சநாதன் முதலில் பெரியதைத்தான் முயன்றான். வலது கையால் அந்த மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக எடுக்கப் பார்த்தான். அடிபட்ட தோளிலிருந்து கை நடுங்கியது. ஒரு புள்ளியை எடுக்கப் போய்ப் பிள்ளையின் மூக்கு இழுத்துக்கொண்டது. அதை மாற்ற, இன்னொன்று கோணலானது. மேல் தாள், கீழ்த் தாள் எது என்று பிடிபடவில்லை. "தம்பி, வலை வாங்கப் போனா, இருக்கற கைக்கு எது தாங்குமோ அதத்தான் வாங்கணும். திதிக்கு ஆறு மாசமா இருக்கு?" என்று சொல்லி, சும்மா வந்த சிடியைத் தேர்ந்தெடுத்தான்.

யாசர் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். எதைச் செய்தாலும் முதலில் படத்துக்கு ஒரு காப்பி போட்டுக்கொள்ள வேண்டும் என்று. பஞ்சநாதனும் தலையாட்டியிருக்கிறான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. யாசர் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தான். இவன் தனியாக உட்கார்ந்து அந்தப் பட்டனை அமுக்கினான். முகத்தில் இருந்த புள்ளியெல்லாம் ஒரு நொடியில் மறைந்தது. அடுத்த பட்டனை அமுக்கினான். பிள்ளை எலுமிச்சம்பழம் மாதிரி சிவப்பாகிவிட்டாள். எந்தக் கடையில் போட்டோ எடுத்தாலும் நம்மைச் சிவப்பாக்கித்தானே கொடுப்பார்கள்? அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. பஞ்சநாதன் அழுதிருக்கிறான். சந்தோசத்தில்தான். இதைச் சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அமுக்கினான். பழைய படத்தின் மேலேயே புதுப் படம் உட்கார்ந்துகொண்டது.

யாசர் திரும்பி வந்து பார்த்து, "காப்பி போட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.

"இதான் நல்லா வந்துடுச்சே, அது எதுக்கு?"

யாசர் முகம் செத்துவிட்டது. ஆனால் படம் நன்றாகத்தான் இருந்தது. அவன் மோனிகாவை நேரில் பார்த்ததில்லை. அச்செடுத்துக் கொடுத்தான்.

திதியன்று நான் விடிகாலையிலேயே கொட்டகைக்குப் போய்விட்டேன். சாமிக்கண்ணு வாழை இலையும் பழமும் வாங்கி வந்திருந்தான். ஜோதி தலைக்குக் குளித்து, பாவாடை சட்டையைப் பலகையில் மடித்து வைத்து, வளையலை அதன்மேல் அடுக்கியிருந்தாள். பஞ்சநாதன் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஜோதி வாங்கிப் பார்த்தாள்.

"எங்க பொட்டு?" என்றாள்.

"எந்தப் பொட்டு?"

"கன்னத்துல வெச்ச மைப்பொட்டு. திருஷ்டிக்கி வெச்சது. எங்கய்யா அது?"

பஞ்சநாதனுக்கு விளங்கவில்லை. விளங்காது. பிள்ளையை வெளியே அழைத்துப் போகும்போதெல்லாம் இடது கன்னத்தில் பெரிதாக மை வைப்பாள் ஜோதி. அவன் வீட்டுக்கு வரும்போது முகம் கழுவி மை போயிருக்கும். அவனுக்குத் தெரிந்த மோனிகா பொட்டில்லாத மோனிகா. உப்புக் கறையோடு கறையாக அந்த மையையும் பட்டன் துடைத்துவிட்டது. புருவத்துக்கு மேலே, வாசற்படியில் விழுந்து ஏற்பட்ட தழும்பும் இல்லை.

"கறைன்னு நெனச்சி..." என்றான்.

"கறையா? நான் வெச்ச மை உனக்குக் கறையா? இது யாரு? யாரு வூட்டுப் புள்ள இது, இம்மாஞ் செவப்பா?"

"ஜோதி, வுடும்மா, படைக்கற நேரம்" என்றான் சாமிக்கண்ணு.

"யாருக்குப் படைக்கறது நைனா? அவ வந்து பாத்தா அவ மூஞ்சி அவளுக்குத் தெரிய வேணாமா? வேற எவளுக்கோ பாவாட வெச்சிருக்காங்கன்னு திரும்பிப் போயிட மாட்டாளா?"

படத்தைக் கவிழ்த்துக் கீழே வைத்தாள். கத்தியிருந்தால்கூட எங்களுக்கு ஆறியிருக்கும். அவள் கத்தவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் பாவாடையை வைத்துப் படைத்தாள்.

பஞ்சநாதன் அப்படியே பஸ் ஏறினான். யாசர் கடைக் கம்ப்யூட்டரில் அழிந்துபோன பழைய படத்தை மீட்க முடியுமா என்று இரண்டு பேரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு யாசரை வைத்துக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வரைந்து, நிறத்தைக் குறைத்து, மறுபடி கொண்டுவந்தான். ஜோதி ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது நான் வெச்சது இல்ல" என்றாள். அதோடு சரி.

புதுக் குடியிருப்பு வீடு கிடைத்தபோது அவள் அங்கே வரவில்லை. அவள் அண்ணன் தங்கராசு புவனகிரியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறான். அவனோடு போய்விட்டாள். அத்தை என்ற முறையில் நானும் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"அவரு மேல எனக்குக் கோவம் இல்ல அத்த. மூஞ்சியப் பாத்தா அந்தப் படம் ஞாபகம் வருது. அவ மூஞ்சி மறந்து போவுது. எனக்கு எது இருக்கு, அவ மூஞ்சி தவுத்து?" என்றாள். நான் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

பஞ்சநாதன் யாசர் கடையிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்தான். ஆறு மாசம் என்று யாசர் சொன்னதை மூன்று வருசம் கற்றான், இடது கையால். செத்தவர்கள் படம்தான் அதிகம் வரும். கொண்டுவந்தவர்களிடம், "மூஞ்சில மச்சம், தழும்பு ஏதாச்சும் உண்டா? பொட்டு எந்த மாதிரி வெப்பாங்க?" என்று துருவித் துருவிக் கேட்பான். சிவப்பாக்கித் தர மாட்டான். "போட்டோ புடிக்க வந்தா போலீஸ் மாதிரி கேள்வி கேக்கறான்யா" என்று பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். யாசர் அதைப் பொறுத்துக்கொண்டான்.

மோனிகாவை நினைவிலிருந்து வரைய ஒவ்வொரு வருசமும் முயன்றான். தன்னிடம் இருந்த நினைவில் பொட்டு இல்லை என்பதுதான் அவனைத் தின்றது. திதிக்கு முன்னால் ஒரு படத்தோடு புவனகிரி போவான். தங்கராசு வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, "சாப்ட்டு போங்க மாப்ள" என்பான். ஜோதி வெளியே வர மாட்டாள்.

போன திதிக்கு முந்தின ஆடியில் சுனாமிக்கு முன்னால் நடந்த என் கடைசி மகன் கல்யாணத்தின் வீடியோ கேசட்டை அவன் கேட்டு வாங்கிப் போனான். அதில் மோனிகா இருந்தாள். முகம் இல்லை. பந்திக்கு ஓடும் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் முதுகும் இரட்டைச் சடையும் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அந்த இடத்தை நிறுத்தி, எதையும் தொடாமல், கோடும் மங்கலுமாக இருந்தபடியே அச்செடுத்துத் திதியன்று புவனகிரிக்குக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். தங்கராசு உள்ளே எடுத்துப் போய்க் கொடுத்தான். பிறகு ஜோதி அந்தப் படத்துக்கு முன்னால் பாவாடையை வைத்து வளையல் அடுக்குகிற சத்தம் கேட்டது. அந்த வருசம்தான் சுவருக்குப் படைக்காமல் பிள்ளைக்குப் படைத்தாள்.

தங்கராசு வெளியே வந்து, "வாங்கிகிட்டா மாப்ள. உங்களக் கெளம்பச் சொன்னா" என்றான். பஞ்சநாதன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஜோதிலட்சுமி புவனகிரியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பஞ்சநாதன் சிதம்பரத்தில் யாசர் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருக்கிறான்.