செய்யது எழுதாமல் விட்ட ஆறாம் வரி

பேராசிரியர் செய்யதுவின் பெட்டிகளுக்குப் பயந்து நான் அவற்றை என் ஐஸ் பேக்டரியிலிருந்து வெளியே வீசச் சொன்னேன் என்றும், அந்த வருத்தத்தில்தான் அவர் போனார் என்றும் காயல்பட்டினத்தில் துக்கம் கேட்கப் போன வீட்டில் என் காதுபடச் சொன்னார்கள். பயந்தேன் என்பது மட்டும் உண்மை. பெட்டிகள் இன்னும் என் குழாயில்தான் இருக்கின்றன. அவர் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தாமதமாக வருகிற மனிதர் அல்ல. பத்தரைக்கு அவர் மனைவி போன் செய்தார். "அக்கா, அவங்க மவுத்தாயிட்டாங்க" என்றார். அப்போது அவருக்காக எடுத்து வைத்த பேனா என் கையில் இருந்தது.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு அவர் என்னிடம் வந்தார். என் கணவர் காலமான பின் பேக்டரியை நான்தான் நடத்துகிறேன். "அக்கா, உங்க குழாய்ச் சூடு சும்மாத்தான போவுது, கொஞ்சம் எனக்குத் தாரீங்களா?" என்று கேட்டார். கம்ப்ரஸரிலிருந்து வரும் அமோனியாக் குழாயில் கை வைக்க முடியாது. அதன் அருகிலேயே ஐஸ் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் திரவம் நிரப்பிய தட்டைப் பெட்டிகளை ஆறு வரிசையாகச் செருகினார். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் இருக்கும் வரை திரவம் தீராமல் மின்சாரம் தருமாம். அத்தனை பெட்டிகளும் சேர்ந்து சுண்டுவிரல் நுனி அளவு விளக்கு ஒன்றை எரித்தன.

"இதுக்கா இவ்வளவு பாடு, தம்பி?"

"ஊர்ல உள்ள சூட்டுக் குழாய் அத்தனையும் நெனச்சுப் பாருங்கக்கா" என்றார். விளக்கைப் பிரஷர் காட்டும் மீட்டர் முள்ளுக்கு மேலே மாட்டினார்.

உள்ளே என்ன என்று கேட்டேன். "உப்பு கட்டியாகாம இருக்க ஒரு பொடி போடுதாங்கல்லா, அதுக்குக் கூடப்பொறந்தது. ஆசிட் மட்டும் படப்படாது. பட்டா விஷக்காத்து." வாய்ச்சொல்லை ஏற்க நான் படித்த கான்வென்ட் எனக்குப் பழக்கவில்லை. எழுதித் தரச் சொன்னேன். எந்த வரிசையில் என்ன, அதில் எது படக் கூடாது என்று ஆறு வரி எழுதிச் சுவரில் மாட்டினார்.

அமோனியாவை ஆற்றும் கண்டென்சர் குழாய்களில் உப்பு படிந்தால் பிரஷர் ஏறும்; அதை ஆண்டுக்கொரு முறை ஆசிட் ஊற்றிக் கழுவுவோம். முந்தின நாளே அவர் வந்து பெட்டிகளைக் கழற்றி, தரையை மூன்று முறை அலசுவார். ஒரு வருடம் ஆபரேட்டர் முருகன் ஒருநாள் முன்னதாகவே ஆசிட் கேனைத் திறக்கப் போனான். செய்யது ஓடிவந்து கேனின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏலே முருகா, மொதல்ல என் மையத்தத் தூக்கிப் பொதை. பொறவு ஊத்து."

எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் சிரித்தபடியே வாசல்வரை பின்வாங்கியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டார். "பயந்துக்கிட்டே இருங்கக்கா. பயம் விட்டவன்தான் மூடியத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போவான்."

போன மாதம் நான் நாசரேத்தில் தங்கையின் வீட்டில் இருந்தபோது, ஆறாம் வரிசையைக் காலிசெய்து வேறு கலவை ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தேன். தாளில் ஆறாம் வரி அடிக்கப்பட்டிருந்தது. போன் செய்தேன். "செவ்வாக்கெழம வந்து எழுதித் தாரேன்க்கா" என்றார்.

இப்போது அந்த வரிசையில் இரண்டு பெட்டிகள் கசிகின்றன. கசிவு மஞ்சளாக இல்லை. அவருடைய நோட்டைப் புரட்டினோம். கலவையை மாற்றிய வாரத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

"யம்மா, முள்ளு செவப்புக்கிட்டப் போவுது. கழுவாம ஓட்ட முடியாது" என்றான் முருகன்.

"பெட்டியை நீ கழற்றுவாயா?"

"எனக்குப் பிள்ளைக இருக்கும்மா."

மெஷினை நிறுத்தினேன். குழாய் ஆறியது, அவர் விளக்கும் அணைந்தது. ஐஸ் கேட்டு வரும் மீன்பிடி போட்டுக்காரர்கள் ஏசிவிட்டுப் போகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் அவசரப்பட்டு யாராவது ஆசிட்டை ஊற்றிவிடுவார்களோ என்ற பயம் என்னை விடவில்லை. கேனின் மேல் உட்கார என் முழங்கால் இடம் கொடுக்காது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயமும், ஐந்து வரி மட்டுமுள்ள அந்தத் தாளும்தான்.

அவருடன் பணியாற்றியவர்களிடம் கேட்கிறேன். ஆறாம் வரிசையில் என்ன இருக்கிறது, அதில் எது படக் கூடாது என்று தெரிந்தவரும், அதைக் கழற்ற வரக்கூடியவரும் எனக்கு எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம். எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.